பழுப்பும் ஸ்லேட்டும்

பழைய காரின் வயரிங் கெட்டுப்போவதற்கு எலியே காரணம் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையைத் திருத்தாமல் மேலே பேசுவது எலிகளுக்குச் செய்யும் துரோகம். எலி கடித்த வயர்கள் உலகத்தில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எலி கடித்தால் பல்லின் தடம் ஜோடி ஜோடியாகப் பதிந்திருக்கும். இந்த வண்டியில் அப்படி ஒரு ஜோடிகூட இல்லை என்பதைப் பன்னிரண்டு நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வயரைக் கெடுப்பது சூடு. என்ஜினுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக வெந்து வெந்து, பிளாஸ்டிக் உறையின் மென்மையெல்லாம் ஆவியாகிப் போய்விடுகிறது. அதற்குப் பிறகும் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும். யாரும் தொடாதவரை அது நல்ல வயர்தான். தொட்டு லேசாக வளைத்தால் முறுக்குப் போல நொறுங்கிக் கையில் உதிரும், உள்ளே செம்பு அம்மணமாக நிற்கும். இதை வாட்ச்மேன் மரியதாஸுக்கு இரண்டு முறை விளக்கினேன். “எலிதான் சார்” என்றார். “நேத்துகூடப் பார்த்தேன், பெருச்சாளி, இம்மாம் பெருசு.” பெருச்சாளி வேறு, எலி வேறு என்றேன். “கடிச்சா ஒண்ணுதானே சார்” என்று சொல்லிவிட்டு கேட்டுப் பக்கம் போய்விட்டார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. இப்போதெல்லாம் என்னிடம் இருக்கும் பதில்களில் பெரும்பாலானவற்றின் நிலைமை இதுதான்.

மணி இரண்டு. முன் சீட்டுக்கும் தரைக்கும் நடுவே மல்லாந்து கிடக்கிறேன், தலை பெடல்களுக்குப் பக்கத்தில், கால்கள் திறந்த கதவுக்கு வெளியே. அறுபத்தேழு வயதில் ஒரு மனிதன் இப்படிக் கிடப்பதைப் பார்த்தால் அஸ்தம்பட்டியில் யாராவது ஆம்புலன்ஸுக்குப் போன் செய்வார்கள் என்று எண்ணியிருந்தேன். மூன்றாம் மாடி அம்மாள் காய்கறிப் பையோடு என் கால்களைத் தாண்டித்தான் போனார், நின்று பார்க்கவில்லை. டார்ச்சை வாயில் கவ்வியிருக்கிறேன், ரப்பர் ருசி. டாஷ்போர்டின் அடியில் கையை விடும்போதெல்லாம் உத்தியோக காலம் நினைவுக்கு வருகிறது. முப்பத்தொரு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தேன். கடைக்காரர்கள் தராசுத் தட்டுக்கு அடியில் ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளியை ஒட்டி வைத்திருப்பார்கள். நான் எதுவும் பேசாமல் விரலை மட்டும் அடியில் விட்டுத் தடவுவேன். அந்த நேரத்தில் கடைக்காரர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். அந்த முகத்துக்காகவே நான் அந்த வேலையை விரும்பினேன் என்று இந்திராணி ஒரு தரம் சொன்னாள். இல்லை, இரண்டு தரம். நாலு மணிக்கு அவள் வருகிறாள். என் மனைவி, தர்மபுரியில் அவளுடைய தம்பி வீட்டு மாடியில் இருக்கிறாள், பதினாலு மாதமாக. இந்த வண்டி அவள் பெயரில் இருக்கிறது, ஓட்டுவதும் அவள்தான். என்னால் நேராக மட்டுமே ஓட்ட முடியும். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் போன் செய்தாள். “என்னங்க, இங்க ஷெட் போட்டாச்சு. வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்து வண்டியை எடுத்துக்கறேன். ஓடுமா?” ஓடும் என்றேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அளந்து பார்க்காமல் நான் சொன்ன வாக்கியங்களை விரல்விட்டு எண்ணலாம், அதில் அது ஒன்று. போனை வைத்தபின் கீழே வந்து பானெட்டைத் திறந்து ஒரு வயரைத் தொட்டேன். உதிர்ந்தது. அடுத்ததைத் தொட்டேன். இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு அவள் தொப்பூர் கணவாய் ஏற வேண்டும். லாரிகளுக்கு நடுவில், மாலை மங்கும் நேரத்தில், ஏற்றத்தில் என்ஜின் கொதிக்கும்போது, உறையில்லாத ஒரு செம்பு இன்னொரு செம்பைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை நான் இயற்பியல் படித்தவன் என்ற முறையில் அறிவேன். கணவன் என்ற முறையில் அதை யோசிக்காமலிருக்க வேலை செய்துகொண்டிருக்கிறேன்.

வேலை என்றால் ஒழுங்கான வேலை. வண்டியோடு வந்த புத்தகத்தில் வயரிங் படம் இருக்கிறது, எந்த விளக்குக்கு எந்த நிறம் என்று. அதைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்தேன். மொத்தம் பத்து இணைப்பு. ஒவ்வொரு பழைய வயரையும் கழற்றி, புத்தகம் சொல்லும் நிறத்தில் புது வயர் போட்டு, இரண்டு முனையிலும் என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன். கழற்றிய வயர்களை எறியவில்லை. ஆய்வாளன் எதையும் எறியமாட்டான். எவர்சில்வர் தட்டு ஒன்றில், கழற்றிய வரிசைப்படி, ஒன்றிலிருந்து ஒன்பதுவரை அடுக்கி வைத்திருக்கிறேன். அடுக்கும்போதெல்லாம் அந்தப் பழைய வயரிங்கைப் போட்ட மெக்கானிக்கைத் திட்டினேன். புத்தகத்தில் இருக்கும் ஒரு நிறம்கூட அவன் வைத்தபடி இல்லை. வலது ஹெட்லைட்டுக்கு நீலம். இடதுக்கு ஆரஞ்சு. ஹாரனுக்குப் பச்சையாம். கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறான், குடிகாரன், செவ்வாய்ப்பேட்டைக்காரனாக இருக்க வேண்டும் என்று ஊரையும் முடிவு செய்தேன். ஆறாவதிலிருந்து இன்னும் மோசம், அதே நீலத்தை மறுபடி எடுத்து, மேலே சிவப்பு நூலைச் சுற்றி வைத்திருக்கிறான். இப்போது பத்தாவது. வலது இண்டிகேட்டர். அதை எட்ட, பக்கத்தில் இருக்கும் ஒன்பதாவதையும், அதாவது இடது இண்டிகேட்டரையும், பிடுங்கிவிட்டு, உள்ளே கைவிட்டு இழுத்தேன். வந்தது. சாம்பல் நிறம், சிவப்பு நூல் சுற்றியது. அதைத் தட்டில் கடைசியாக வைக்கத் தலையைத் திருப்பினேன். தட்டு என் கண்ணுக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில், தரையில் இருந்தது. நின்று பார்த்தபோதெல்லாம் அது வெறும் பழைய வயர்களாகத் தெரிந்தது. படுத்துப் பார்த்தபோது, கையில் இருந்த பத்தாவதோடு சேர்த்து, ஐந்தும் ஐந்துமாகத் தெரிந்தது. ப்ளூ, ஆரஞ்ச், கிரீன், பிரவுன், ஸ்லேட். மறுபடி சிவப்போடு ப்ளூ, ஆரஞ்ச், கிரீன், பிரவுன், ஸ்லேட். இது மெக்கானிக்கின் வரிசை இல்லை. டெலிபோன் கேபிளின் வரிசை, அங்கே சாம்பலுக்கு ஸ்லேட் என்று பெயர். எண்பத்து நாலில், கல்யாணமான நாலாவது மாதம், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த இந்திராணி இலாகாத் தேர்வுக்குப் படித்தாள். அம்மாப்பேட்டை வீட்டு அடுக்களையில், ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் ஒன்றும் இல்லை, புத்தகமில்லாமல் மனப்பாடமாக, குழம்பைக் கிண்டும் தாளத்திலேயே சொல்வாள், ப்ளூ ஆரஞ்ச் கிரீன் பிரவுன் ஸ்லேட், வெள்ளையோட அஞ்சு, செகப்போட அஞ்சு, கறுப்போட அஞ்சு. நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். “ஸ்லேட் நிறம் இல்லை, பொருள்” என்றேன். கரண்டிச் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி கேட்டது, தாளம் மட்டும் இல்லாமல்.

டார்ச் வாயிலிருந்து நழுவிக் கழுத்தில் விழுந்தது. எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஒரு பழைய நைட்டியும் அதன்மேல் என் சட்டையும் போட்டுக்கொண்டு கீழே போவாள். வண்டியைப் பார்த்துட்டு வர்றேன் என்பாள். பார்த்துவிட்டு வருகிறாள் என்றே நினைத்தேன், வண்டியில் பார்க்க என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. ஒரு நாள், பத்திருபது வருஷம் இருக்கும், இல்லை, பத்தொன்பது, விரல் நுனியெல்லாம் கறுப்பாக மேலே வந்து, “வயரிங் மொத்தமும் நானே பண்ணிட்டேங்க” என்றாள். நான் என்ன சொன்னேன்? பாராட்டியிருக்கலாம், காபி போட்டுத் தந்திருக்கலாம், குறைந்தபட்சம் விரலைப் பார்த்திருக்கலாம். “நீ பண்ணினியா, மெக்கானிக் பண்ணினதைப் பக்கத்தில் நின்று பார்த்தியா, சரியா சொல்லு” என்றேன். அவள் கையைக் கழுவப் போய்விட்டாள். அவள் ஒப்புக்கொண்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். கடைக்காரர்கள் வாயை மூடினால் ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம், முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் இருந்தது. அவள் ரிடையர் ஆன நாளில் எக்ஸ்சேஞ்ச் மொட்டைமாடியில் விழா. மைக்கைப் பிடித்து, “முப்பத்தஞ்சு வருஷம் இந்த வீட்ல இருந்தேன்” என்று ஆரம்பித்தாள். எக்ஸ்சேஞ்சை வீடு என்றதைக்கூட நான் விட்டுவிட்டேன். முதல் வரிசையில் இருந்தபடி, மெதுவாகத்தான், “முப்பத்துநாலு வருஷம் ஏழு மாசம்” என்றேன். மைக்கில் அதுவும் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், நான்கூட ஒரு நகைச்சுவையாளன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அப்போது அவள் போகவில்லை. அவளைப் போகவைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காரணமே இல்லாத செவ்வாய்க்கிழமை. எதிர்வீட்டு அம்மாளிடம் எங்கள் மைசூர்ப் பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மழை பெய்தது என்றாள். தூறல் என்றேன். எதிர்வீட்டு அம்மாள் போனபின் டம்ளர்களை எடுத்துக் கழுவி, கவிழ்த்து வைத்து, “தப்பா இருந்தாலும் பரவாயில்லைங்க, இனிமே நான் சொல்றது நான் சொன்னதாவே இருக்கட்டும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மறுநாள் தம்பி வந்து அழைத்துக்கொண்டு போனான். மழையா தூறலா என்பதை அன்றிலிருந்து யோசிக்கிறேன். மழையாகவும் இருந்திருக்கலாம். நான் அப்போது ஓட்டல் அறைக்குள் இருந்தேன், வெளியே நின்றவள் அவள்.

மணி இரண்டே முக்கால். இப்போது ஒன்பது வயரும் புத்தகப்படி இருக்கிறது. அவள் பானெட்டைத் திறப்பாள், கட்டாயம் திறப்பாள், பார்த்ததும் தெரிந்துவிடும்: அவள் போட்ட ஒரு வயர்கூட இல்லை, ஒவ்வொன்றின் மேலும் என் கையெழுத்தில் சீட்டு. கடைசியாக அவளுடைய வண்டியையும் திருத்திவிட்டேன். பத்தாவதையாவது அவள் போட்டபடியே விடலாமா என்று கையில் எடுத்துப் பார்த்தேன். நடுவில் மூன்று இடத்தில் உறை பிளந்திருந்தது. தொப்பூரில் இதற்கு என் உணர்ச்சிகளைப் பற்றித் தெரியாது. புது வயரை நுழைத்தேன். நுழைக்கும்போதே இன்னொன்று தோன்றியது, அதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அளவு குறையக்கூடாது. சீட்டுகளை மட்டும் கிழித்துவிட்டு, புத்தக நிறங்களை அப்படியே விட்டால் என்ன? வழியில் ஃப்யூஸ் போனால், மழைநாளில் வைப்பர் நின்றால், எது எதற்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. என்னைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். “என்னங்க, மஞ்சள் எதுக்குப் போவுது?” என்று போன் வரும். மாதத்துக்கு ஒரு தரம் வந்தாலும் வருஷத்துக்குப் பன்னிரண்டு. நான் படத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பொறுமையாக, ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். எவ்வளவு நல்ல திட்டம். தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டிய புளிக்கும் இதற்கும் எடையில் ஒரு மில்லிகிராம் வித்தியாசம் கிடையாது. வெளியே ஊர்ந்து வந்து டிக்கியைத் திறந்தேன். அவளுடைய பழைய ரெக்ஸின் பை அங்கேயே கிடந்தது, டெஸ்டர், வெட்டுக் கத்தி, ஒரு முழம் டெலிபோன் கேபிள். கேபிளின் கறுப்புத் தோலை உரித்தால் உள்ளே ஊசி கனத்தில் எல்லா நிறமும் இருக்கும், வெயில் படாததால் புதுசாக. என் சீட்டுகள் பதினெட்டையும் கிழித்தேன். கிழித்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், ஆய்வாளன் எதையும் எறியமாட்டான். பிறகு ஒவ்வொரு வயரின் முனையிலும் அவளுடைய நிறத்தை மோதிரம் மாதிரி மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கினேன். வலது ஹெட்லைட்டுக்கு ப்ளூ. இடதுக்கு ஆரஞ்ச். இருபது முனை, ஆறாவதிலிருந்து கூடவே ஒரு சிவப்பு. விரல்கள் என்னுடையவை போல் இல்லை, தடியாக, பயந்து. எட்டாவதை முடிக்கும்போது மணி மூன்று ஐம்பது. மறுபடி பெடல்களுக்கு நடுவே தலையை விட்டேன். டார்ச்சின் பேட்டரி மங்கிவிட்டது. அந்த வெளிச்சத்தில் பிரவுனும் ஸ்லேட்டும் ஒரே அழுக்கு. நகத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்பதாவதையும் பத்தாவதையும், இரண்டு இண்டிகேட்டரையும், கட்டி, ஸ்விட்சின் வயர்களோடு செருகினேன். பேட்டரி முனையைத் திருகினேன். ஸ்டார்ட்டரைத் தொட்டேன், இருமிவிட்டு என்ஜின் பிடித்தது, அணைத்தேன். ஹெட்லைட் எரிந்தது. ஹாரன் அடித்தேன், மரியதாஸ் திரும்பினார். மீதியையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்தபோது ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது.

இளைத்திருந்தாள். இதைச் சொல்ல வாயெடுத்து, எத்தனை கிலோ என்று மனசு கணக்குப் போடப் போனதால் மூடிக்கொண்டேன். மரியதாஸ் என்னைவிட நன்றாக வரவேற்றார். “வாங்கம்மா, சார் பன்னெண்டு நாளா வண்டிக்கு அடியிலதான் குடித்தனம்.” அவள் என் சட்டையையும் முட்டியையும் பார்த்தாள். “இதென்ன கோலம்?” என்றாள். “மேல வந்து காபி” என்று ஆரம்பித்தேன். “இல்லீங்க, இருட்டறதுக்குள்ள தொப்பூர் தாண்டணும்.” சாவியைக் கொடுத்தேன். நினைத்தபடியே பானெட்டைத்தான் முதலில் திறந்தாள். குனிந்தாள். நான் எதிர்ப்பக்கம் நின்றேன், முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை கடைக்காரர்கள் என் எதிரில் அப்படி நின்றார்கள். ஃப்யூஸ் பெட்டியிடம் அவள் விரல் போயிற்று, நீலத்தில் நின்றது, ஆரஞ்சுக்குப் போயிற்று, வரிசையாக நகர்ந்து கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. “வயர் புதுசு” என்றாள். “ஆமாம். பழசு உதிர்ந்துபோச்சு.” “இது?” அந்த மோதிரத்தைத் தொட்டுக் கேட்டாள். “நீ போட்ட வரிசை” என்றேன். நீ பண்ணினது என்று எனக்குத் தெரியாது, நீ சொன்னாய், நான்தான், அன்றைக்கு உன் விரலை, என்று ஒரு நீளமான வாக்கியம் தயாராக இருந்தது. அதற்குப் பதிலாக, “முனையிலேர்ந்து சரியா ஒரு அங்குலம் தள்ளிக் கட்டியிருக்கேன்” என்றேன். அவள் உதட்டோரம் லேசாக ஏதோ ஆயிற்று, சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன். பானெட்டை மூடி, கையைச் சேலையில் துடைத்தபடி, “பாவம், ஒரு வருஷமா சும்மாவே நின்னிருக்கு இல்ல?” என்றாள். பதினாலு மாதம். பதினாலு மாதமும் ஆறு நாளும். அது நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவளும் அது வரும் என்று காத்திருந்தாள், சாவியைக் கையில் பிடித்தபடி, சற்றே தலையைச் சாய்த்து, இடி விழப்போகும் வானத்தைப் பார்ப்பவள் போல. “ஆமாம்” என்றேன், “ஒரு வருஷம்.” அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, அளக்கவில்லை. “உடம்பைப் பார்த்துக்கங்க” என்றாள். “ராத்திரி வெறும் பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுக்காதீங்க.” பிறகு உட்கார்ந்து, சீட்டை முன்னால் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, கிளப்பினாள். மரியதாஸ் கேட்டைத் திறந்து சல்யூட் அடித்தார். நான் தட்டோடு தூணருகில் நின்றேன்.

கேட்டைத் தாண்டி வலது பக்கம் திரும்ப வண்டி நின்றது. பின்னால் இடது இண்டிகேட்டர் எரிந்து எரிந்து அணைந்தது. ஸ்கூட்டரில் வந்த ஒருவர் பிரேக்கை அழுத்திவிட்டு, “இப்பிடிக் காட்டிட்டு அப்பிடிப் போனா எப்பிடிம்மா?” என்று கத்தினார். வண்டி ஓரங்கட்டியது. “சார், நீங்க போய்ப் பாருங்க” என்றார் மரியதாஸ். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, டார்ச்சையும் மடித்து வைத்திருந்த வயரிங் படத்தையும் எடுத்துக்கொண்டு நடந்தேன். வண்டியின் கதவு திறந்திருந்தது. அவள் சீட்டில் குறுக்காகச் சாய்ந்து, தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் விட்டிருந்தாள். செருப்புக் கால்கள் இரண்டும் சாலையில். நான் கேட்டை அடைவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். வலது இண்டிகேட்டர் எரிந்தது. வண்டி வலது பக்கம் திரும்பிப் போயிற்று.